உந்தப் போத்தல்

அத்தியாயம் 6

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கதவைத் தட்டிய நிலாணி, பின்னேரம் நாலு மணிக்குள் ஒரு விஸ்கிப் போத்தல் கிடைக்காவிட்டால் தனக்கு வேலை போய்விடும் என்று நின்றபடியே சொன்னாள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது துர்க்காவின் துப்பறியும் அலுவலகம். துர்க்கா பதினெட்டு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். அடுத்தவர்களின் பொய்யை இரண்டு மொழியிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், உண்மையை ஒரு மொழியிலாவது கண்டுபிடிப்போம் என்று இந்தத் தொழிலுக்கு வந்திருந்தாள். அவளுடைய உதவியாளன் அகஸ்ரின் அதற்கு முன் பதினைந்து வருடம் பஸ் ஓட்டியவன். பஸ்ஸை ஒவ்வொரு ஸ்டொப்பிலும் நிறுத்திப் பழகியவனுக்கு வாயை மட்டும் நிறுத்தத் தெரியாது.

“வெறும் போத்தலோ நிறைபோத்தலோ, பிள்ளை?” என்று கேட்டான். “வெறும் போத்தல் எண்டால் என்ரை கராஜிலையே எடுக்கலாம். நாலு மணி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.”

“நிறைபோத்தல், அங்கிள். நம்பர் வன்.”

துர்க்கா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நிலாணி குடித்துவிட்டு, இருந்து, முதலிலிருந்து சொன்னாள்.

அவள் வேலை செய்வது ரூஜ் பக்கம், தொழிற்சாலைத் தெரு ஒன்றில் இருக்கும் ‘நீலக் கொக்கு’ வடிசாலையில். அங்கே சோளத்தைக் காய்ச்சி, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாவில் ஊற்றி, பேர்பன் முறையில் விஸ்கி செய்கிறார்கள். பேர்பன் என்று லேபிளில் போட மட்டும் முடியாது. அமெரிக்காவில் காய்ச்சியதற்குத்தான் சட்டப்படி அந்தப் பெயர். நிலாணி அங்கே சேர்ந்து மூன்றரை வருடம். சேர்ந்த புதிதில், சோளம் அரைத்தது முதல் பீப்பாவுக்கு மூடி அடித்தது வரை அவள் தன் கையால் செய்த முதல் பீப்பாவைப் போன மாதம் திறந்தார்கள். விற்றது போக, முதல் ஊற்றிய போத்தலை மட்டும் முதலாளி டெரெக் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அதற்குத்தான் இலக்கம் ஒன்று என்று பெயர். இன்று நாலு மணிக்கு அதைப் போட்டி ஒன்றுக்குக் கொண்டுபோக கூரியர் வருகிறது. அது போய்ச் சேர்ந்தால், அடுத்த மாதம் அவள் உதவியாளர் பதவியிலிருந்து வடிப்பாளர் ஆவதாகப் பேச்சு.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்காபரோ விஸ்கி வட்டத்துக்காரர் எட்டுப் பேர் வடிசாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் கூடி, ஏதாவது ஒரு விஸ்கியை மணந்து பார்த்துக் கொப்பியில் குறிப்பு எழுதுகிற தமிழ் ஆட்கள். தலைவர் நவரட்ணம், நிலாணியின் தகப்பனுக்குச் சிநேகிதர். பீப்பாக்களைத் தட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கு நாலு சின்னக் கிளாஸ் ருசி பார்த்தார்கள், ஒருவர் நிலாணியிடம் சம்பந்தம் பேசவும் பார்த்தார். அவள் மரப்பெட்டியைத் திறந்து இலக்கம் ஒன்றையும் காட்டினாள். பிறகு கிளாஸ் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வட்டம் வெளிக்கிட்டிருந்தது. பெட்டி மூடிக் கிடந்தது. பூட்டினாள்.

“பூட்டேக்க உள்ளுக்குப் பாத்தனீரோ?” என்றாள் துர்க்கா.

“இல்லை, அன்ரி.”

இன்று காலை எட்டு மணிக்கு டெரெக் அவளிடம் திறப்பை வாங்கித் திறந்தபோது பெட்டிக்குள் வைக்கோல்தான் இருந்தது. இரவு முழுக்க அந்தத் திறப்பு நிலாணியிடம் மட்டும்தான் இருந்தது.

அதுவும் பரவாயில்லை. நேற்று மாலை ஆறு மணிக்கு நவரட்ணம் அவளுடைய போனில் ஒரு குரல் தகவல் விட்டிருந்தார். ஏதோ போத்தலைப் பற்றி அங்கிள் சொன்னவர் என்று நிலாணி தானாகவே டெரெக்கிடம் போய்ச் சொல்ல, அவர் அதை ஆங்கிலத்தில் எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடதாசியை இப்போது மேசையில் வைத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: அந்தப் போத்தலை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள், பிழை என்னுடையதுதான், போய் இறங்கிய பிறகு விளக்குகிறேன்.

காலை எட்டு மணிக்குக் காணாமல் போனது தெரிந்த போத்தலைப் பற்றி, முதல் நாள் மாலை ஆறு மணிக்கே ஒருவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எடுத்தவர் நவரட்ணம், பெட்டியைத் திறந்து கொடுத்தவள் நிலாணி என்று டெரெக் முடிவு கட்டிவிட்டார். நவரட்ணம் இப்போது வழியில் விமானம் மாறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார், போனை அணைத்துவிட்டு, எந்தக் கடலுக்கு மேலேயோ; இன்று இரவுதான் போய் இறங்குவார்.

“நான் டெரெக்கா இருந்தால் காலமையே பொலிசைக் கூப்பிட்டிருப்பன்,” என்றான் அகஸ்ரின். “மனிசன் நாலு மணி வரைக்கும் ரைம் தந்திருக்கிறார். நல்ல மனிசன்.”

துர்க்கா அவனைப் பார்க்கவில்லை. கடதாசியையும் ஒருதரம்தான் பார்த்தாள். போனை வாங்கி, மூன்று தரம் போட்டுக் கேட்டாள்.

“பிள்ளை, நவரட்ணம் அங்கிள் கதைக்கிறன். எயாப்போட்டில நிக்கிறன், பிளேனுக்குக் கூப்பிடுறாங்கள். உந்தப் போத்தலை ஒருத்தரும் உடைக்காமல் பாத்துக்கொள்ளும். பிழை என்ரைதான். போய் இறங்கி எடுத்து விளங்கப்படுத்திறன்.”

துர்க்கா பேனையை எடுத்து, கடதாசியில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இதிலை ‘தட் பொட்டில்’, அந்தப் போத்தல் எண்டு எழுதியிருக்கிறீர். மனிசன் அப்பிடிச் சொல்லேல்லையே. ‘உந்தப் போத்தல்’ எண்டெல்லோ சொல்லுறார்.”

“ரெண்டும் ஒண்டுதானே, அன்ரி. இங்கிலீஷில ரெண்டுக்கும் ‘தட்’தான்.”

நிலாணி ஸ்காபரோவில் பிறந்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது. அகஸ்ரின்தான் முதலில் நிமிர்ந்து இருந்தான்.

“ஒண்டில்லை, பிள்ளை. என்ரை மனிசி குசினிக்குள்ள நிண்டுகொண்டு ‘அந்த ரிமோட் எங்கை’ எண்டு கேட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. ‘உந்த ரிமோட்டைக் கீழை வையுங்கோ’ எண்டால், அது என்ரை கையில கிடக்கெண்டு அவவுக்குத் தெரிஞ்சுபோச்சு. சுவருக்கு அங்காலை நிண்டாலும் தெரியும்.”

“நவரட்ணம் அண்ணை போத்தலை எடுத்துக்கொண்டு போயிருந்தால் ‘இந்தப் போத்தல்’ எண்டிருப்பார்,” என்றாள் துர்க்கா. “வட்டத்து ஆக்கள் ஆரிட்டையும் இருந்தால் ‘அந்தப் போத்தல்’. ‘உந்தப் போத்தல்’ எண்டால் அது கேக்கிற ஆளின்ரை பக்கத்தில இருக்கு.”

நிலாணி கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். “அப்ப நீங்களும் என்னட்டைத்தான் இருக்கெண்டு சொல்லுறீங்களோ?”

“வடிசாலையை விட்டு வெளிக்கிடேல்லை எண்டு சொல்லுறன். அங்கை நவரட்ணம் அண்ணைக்குத் தெரிஞ்ச போத்தல் வேறை என்ன இருக்கு?”

நிலாணி யோசித்தாள். வட்டத்தார் வெறுங்கையோடு வரவில்லை. டெரெக்குக்குப் பொன்னாடை போர்த்தி, பொன்னிறப் பை ஒன்றில் போட்டு ஒரு போத்தலும் பரிசளித்தார்கள். டெரெக் அதை உடனே அவளிடம் நீட்ட, அவள் கிளாஸ் கழுவப் போகும்போது கொண்டுபோய் வேலையாட்களின் குசினியில் பிரிட்ஜுக்கு மேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“கதை முடிஞ்சுது,” என்றான் அகஸ்ரின். “உந்தப் போத்தல் எண்டது அந்தப் போத்தல். நம்பர் வன் அந்தப் பைக்குள்ளதான் கிடக்கு.”

பதினொன்றே காலுக்கு மூவரும் காரில் ஏறினார்கள்.

வடிசாலையின் கதவைத் திறந்ததும் வேகிற சோளத்தின் வாசமும், கருகிய மரமும், அடியில் மெல்லிய வனிலாவும் வந்து மூக்கில் ஏறின. வைத்தியர் போன வருடம் மதுவை நிறுத்தச் சொல்லியிருந்ததால் அகஸ்ரின் வாசலில் நின்று இரண்டு தரம் ஆழமாக மூச்சை இழுத்தான். மூச்சை நிறுத்தச் சொல்லி வைத்தியர் சொல்லவில்லை என்றான்.

டெரெக் றப்பர் பூட்ஸோடு செம்புக் கொதிகலத்துக்குப் பக்கத்தில் நின்றார். தாடிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், நிலாணியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள் என்றார். தான் காலையிலிருந்து வேலையாட்களின் லொக்கர், பீப்பாக் கூடம், நிலாணியின் காரின் பின்பெட்டி எல்லாம் பார்த்து முடித்துவிட்டதாகவும் சொன்னார். பரிசுப் போத்தலைத் திறந்தாரா என்று துர்க்கா கேட்டாள். நெஞ்சில் கையை வைத்து, இல்லை என்றார். தந்தவருக்கு முன்னால் பரிசைப் பிரிப்பது தங்கள் வழக்கமில்லை என்று நவரட்ணம் சொல்லியிருக்கிறார். அதனால் பத்திரமாக வைத்திருக்கிறாராம். ஓய்வாகப் பிரித்துவிட்டுக் கடிதம் எழுதுவதாக எண்ணம். கொதிகலம் சீறியது. அவர் அதனிடம் திரும்பிவிட்டார்.

குசினியில், பிரிட்ஜுக்கு மேல், சிவப்பு நாடா கட்டிய பொன்னிறப் பை இருந்தபடி இருந்தது. துர்க்கா நாடாவை அவிழ்த்தாள். உள்ளே யாழ்ப்பாணத்துப் பனஞ்சாராயம். முத்திரை உடையவில்லை. வட்டத்தின் வாழ்த்து மட்டையும் கூடவே இருந்தது.

நிலாணி பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் பெயரில் காலையிலிருந்து ஒருவரும் ஒரு நல்ல சொல் சொல்லவில்லை என்றும், மூன்றரை வருடம் இந்தக் கொதிகலத்தோடு வெந்தது இதற்குத்தானா என்றும் கேட்டாள். அகஸ்ரின் ஒரு கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தான்.

துர்க்கா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதிலை ஒரு பிழையும் இல்லை,” என்றாள்.

“அதுதானே அக்கா எங்கடை பிரச்சினை,” என்றான் அகஸ்ரின்.

“நவரட்ணம் அண்ணை ‘பிழை என்ரைதான்’ எண்டவர். முத்திரையோடை ஒரு போத்தலை வடிவாப் பையில போட்டுத் தந்தவருக்கு என்ன பிழை? இதை உடைச்சால்தான் என்ன? உடைக்கத்தானே தந்தது. அவர் சொன்ன உந்தப் போத்தல் இது இல்லை, அகஸ்ரின். இந்தக் கட்டடத்துக்குள்ள இன்னொண்டு இருக்கு.”

அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே போனது என்று தெரிந்துவிடும். நிலாணி கிளாஸ் கழுவப் போன அந்த நேரத்தில் ருசி பார்க்கும் அறையில் என்ன நடந்தது? கண்ணால் பார்த்த எட்டுப் பேரில் ஒருவர் விமானத்தில். மற்ற ஏழு பேரும் ஆளுக்கு நாலு கிளாஸ் குடித்தவர்கள். அவர்களின் ஞாபகத்தைத் துர்க்கா நம்பவில்லை. ஆனால் அந்த எழுவரில் ஒருவன் மாக்கஸ். கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பதுதான் அவன் தொழில். கமெரா குடிக்காது.

மாக்கஸ் போனை எடுக்கவில்லை. மோர்னிங்சைட்டில் அவன் வீட்டு நிலவறையில் இருந்த ஸ்ரூடியோவுக்கு முன் காரை நிறுத்திக் காத்திருந்தார்கள். அகஸ்ரின் இரண்டு ரோல்ஸும் ஒரு தேத்தண்ணியும் முடித்தான். நிலாணி ஒன்றும் தொடவில்லை. இரண்டே முக்காலுக்கு, ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் அல்பத்தைக் கொடுத்துவிட்டு மாக்கஸ் வந்து சேர்ந்தான். பெரிய உருவம், தோளில் இரண்டு கமெரா. நேற்றைய படங்கள் என்றதும் மகிழ்ந்துபோனான். ஒருவரும் தன் படத்தைத் தேடி இவ்வளவு அவசரமாக வந்ததில்லை என்றான்.

பெரிய திரையில் ஒவ்வொன்றாகத் தட்டினான். பீப்பாக்கள். பீப்பாக்களோடு வட்டத்தார். பீப்பாவை மறைத்துக்கொண்டு வட்டத்தார். பிறகு டெரெக், தோளில் பொன்னாடை, கையில் சிவப்பு நாடா கட்டிய பொன்னிறப் பை, பக்கத்தில் நவரட்ணம். அடுத்த படத்தில் அதே பையோடு நிலாணி ஓரமாக வெளியே போய்க்கொண்டிருந்தாள். அதற்கடுத்த படத்தில் மறுபடியும் டெரெக், பொன்னாடை, பொன்னிறப் பை, நவரட்ணம்.

“நில்லும்,” என்றாள் துர்க்கா. “பையை நிலாணி கொண்டு போட்டா. பிறகு இது எங்காலை வந்தது? இதிலை நாடாவும் இல்லை.”

“அது ரீரேக், அக்கா.” மாக்கஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “முதல் எடுத்ததிலை டெரெக்கின்ரை பொன்னாடை வழுகிப்போச்சு, அண்ணை கண்ணை மூடிப்போட்டார். இன்னொருக்காக் குடுங்கோ எண்டன். நான் கலியாண வீட்டில தாலியையே மூண்டுதரம் கட்ட வைக்கிறனான்.”

“அப்ப பை?”

“என்ரை வானிலை எப்பவும் பத்துப் பை கிடக்கும். படத்துக்குத்தானே, ஆர் உள்ளை போய் எடுக்கிறது. ஆனால் வெறும் பை படத்தில கசங்கித் தெரியும். பாரத்துக்கு ஏதும் வையுங்கோ அண்ணை எண்டன். பக்கத்திலை இருந்த பெட்டிக்குள்ளாலை எதையோ எடுத்து வைச்சார். பை நிமிந்துது. நான் எடுத்தன்.”

அகஸ்ரின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“எதையோ எண்டால்?” என்றாள் நிலாணி.

“நான் லென்ஸுக்குள்ளை பாத்துக்கொண்டு நிண்டனான், தங்கச்சி.”

துர்க்கா அடுத்த படத்தைத் தட்டச் சொன்னாள். அது தற்செயலாக விழுந்த படம், கோணலாக இருந்தது. டெரெக் பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் போகிறார். பின்னால் நவரட்ணத்தின் வலது கை பாதி உயர்ந்து நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பது படத்திலேயே தெரிந்தது.

“குடுத்த பரிசைத் திருப்பித் தாங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?” என்றாள் துர்க்கா. “அதுவும் பொன்னாடை போத்திப்போட்டு. மனிசன் எயாப்போட் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கையை இறக்கியிருக்க மாட்டார்.”

“அந்தப் பெட்டியை மூடினது ஆர்?” நிலாணி கேட்டாள்.

“நான்தான்,” என்றான் மாக்கஸ். “திறந்து கிடந்தால் படத்துக்கு வடிவில்லை.”

மணி மூன்று இருபத்தைந்து. அகஸ்ரின் கார்த் திறப்போடு ஏற்கெனவே படியில் நின்றான். மோர்னிங்சைட் அவென்யூவில் ஒரு பஸ் அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. அதன் சாரதி வேண்டுமென்றே செய்கிறான் என்றும், தானும் அப்படித்தான் செய்தவன் என்றும் அகஸ்ரின் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, வடிசாலை வாசலில் கூரியர் வான் நின்றது. சாரதி பெண். கையில் கருவியோடு வாசற்படியில் காத்திருந்தாள். டெரெக் ஒரு படிவத்தைச் சுருட்டிப் பிடித்தபடி அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துர்க்கா நேராகப் போய், பரிசுப் பை எங்கே என்று கேட்டாள். தன் அறை அலுமாரியில்தான், வேறெங்கே என்றார் டெரெக். நேற்று நிலாணி கொண்டுபோனதை யாரோ படத்துக்காகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்துத் தானே எடுத்து வைத்ததாகவும் சொன்னார். லொக்கர்கள், பீப்பாக் கூடம், காரின் பின்பெட்டி என்று காலையில் சொன்ன பட்டியலில் அவருடைய அலுமாரி இருக்கவில்லை. தன்னிடம் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அலுமாரியைத் திறந்தார். நாடா இல்லாத பொன்னிறப் பை.

தந்தவர் இப்போது முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் இருக்கிறார், அவருக்கு முன்னால் பிரித்ததாக ஆகாது, ஆகவே தாராளமாகப் பிரிக்கலாம் என்று துர்க்கா ஆங்கிலத்தில் சொன்னாள். டெரெக் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்ததைப் பார்த்துவிட்டு மேசையில் வைக்க மறந்து நின்றார். நீலக் கொக்கு லேபிள். அதன் கீழ் கையால் எழுதிய ஒன்று.

தாடிக்கு மேலே இருந்த இடமெல்லாம் சிவந்தது. மெதுவாகப் பேசுகிறவர் இன்னும் மெதுவாகப் பேசினார். மன்னிக்கவும் என்றார், நாளைக்கு வழக்கம்போல் வேலைக்கு வரலாம் என்றார், காலையில் சொன்னதை மறந்துவிடச் சொன்னார். அப்படியே போத்தலை நிலாணியிடம் நீட்டி, படிவத்தையும் கொடுத்து, வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

நிலாணி வாங்கினாள். நடக்கவில்லை. படிவத்தை விரித்து வாசித்துக்கொண்டு நின்றாள். சோளத்தின் அளவு, பீப்பாவின் வகை, ஊற்றிய திகதி எல்லாம் போன வாரமே அவளுடைய எழுத்தில் இருந்தன. வடித்தவர் பெயர் என்ற கட்டத்தை அன்றைக்கு டெரெக் நிரப்பட்டும் என்று வெறுமையாக விட்டிருந்தாள். அதில் இப்போது அவருடைய பெயர் இருந்தது. காலையில் எழுதியது, மை புதிது.

வாசலில் கூரியர்காரி மணியைப் பார்த்தாள். அகஸ்ரின் போய், சாரதிக்குச் சாரதி என்ற முறையில் அவளோடு கதைக்கத் தொடங்கினான். இரண்டு நிமிடம் பிந்தினதற்கு ஒரு கொம்பனியும் கவிழ்ந்ததில்லை, தன் அனுபவத்தில் எட்டு நிமிடம் வரைக்கும் கவிழவில்லை என்றான்.

நிலாணி படிவத்தை மேசையில் வைத்தாள். போத்தல் அவள் கையிலேயே இருந்தது. டெரெக்கிடம் அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

“இந்தப் பேரை வெட்டுங்கோ. வேலையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்.”

டெரெக் துர்க்காவைப் பார்த்தார். துர்க்கா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். இதில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அவர் பேனையை எடுத்து, தன் பெயருக்கு மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அதன் பக்கத்தில் அவளுடைய பெயரை எழுத ஆரம்பித்து, முதல் மூன்று எழுத்தோடு நின்றார். மூன்றரை வருடம் சம்பளத்தாளில் பார்த்த பெயர்தான். ஆனாலும் அடுத்து என்ன எழுத்து வரும் என்று அவருக்கு நிச்சயமில்லை.

நிலாணி அவருடைய விரல்களுக்குள் இருந்து பேனையை எடுத்தாள். நிலாணி சச்சிதானந்தன் என்று தானே எழுதினாள். பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்காமல், கோட்டைத் தாண்டி, விளிம்பு வரைக்கும் எழுதி முடித்துவிட்டு, போத்தலோடு வாசலுக்குப் போனாள்.